திரும்பி வராத குழம்பு

விழுப்புரம் பக்கமிருந்து பேருந்தில் புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்கு நெல்லித்தோப்பு என்பது சிக்னலில் வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியே தெரிகிற இடம். மார்க்கெட், விண்ணேற்பு அன்னை தேவாலயம், டீக்கடை, பிராந்திக் கடை, எந்நேரமும் நெரிசல். வார இறுதிக் கூட்டம் இங்கே இறங்குவதில்லை. பேருந்து நிலையம் வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து, வாய்க்காலைத் தாண்டி, பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குப் போகிறது. அங்கே மஞ்சள் சுவருக்கும் காகிதப்பூவுக்கும் நடுவே க்ரெப் கிடைக்கும், கிஷ் கிடைக்கும், மரத்தணலில் சுட்ட பீட்சா கிடைக்கும். ரெஸ்டோ பார்களில் பாட்டு அதிரும். கரீபியன் என்ற பெயரும் அந்தச் சூழலில் அந்நியமில்லை. வெள்ளை ரம், எலுமிச்சை, புதினா, பின்னணியில் ரெக்கே, சுவரில் ஒரு தென்னை ஓவியம் என்று அது ஒரு தயார் அலங்காரமாகவே உலகம் முழுக்கப் புழங்குகிறது. விநோதம் என்னவென்றால், கரீபியன் தீவுகளின் சாப்பாட்டு மேசையில் வழக்கமாகப் பரிமாறப்படும் பண்டங்களில் ஒன்று இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போனது. குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் அதற்குக் கொலம்போ என்று பெயர். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு சேர்த்து அரைத்துக் கொதிக்கவைக்கும் கறிக்குழம்பு. உலகத்துச் சமையலெல்லாம் வந்து இறங்கியிருக்கும் ஊரில், இந்த ஊர்த் துறை வழியாகவே போன ஒரு குழம்பு ஏன் பழக்கமான பண்டமாகத் திரும்பி வரவில்லை? ருசியில் குறை இருந்ததால் அல்ல என்பது என் கட்சி. சமையல் தானாகப் பயணம் செய்வதில்லை. அதைச் சுமந்துகொண்டு ஆட்கள் கூட்டமாக வர வேண்டும், வந்து ஓரிடத்தில் அமர வேண்டும். ஆள் வராத இடத்துக்கு அலங்காரம்தான் வரும்.

முதலில் அந்த அலங்காரத்துக்குப் பின்னால் இருக்கும் கொண்டாட்டத்தை அதன் சொந்த ஊரில் பார்த்துவிடுவது நல்லது. பார்படாஸ் தீவின் தென்கரையில் ஆய்ஸ்டின்ஸ் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவானால் அங்கே மீன் பொரிக்கும் கடைகள் வரிசையாகத் தீ மூட்டும். பலகை மேசைகளில் சுட்ட மீன், ரம், டொமினோ ஆட்டம், ஒரு மூலையில் பழைய பாட்டுக்கு வயதானவர்கள் ஜோடியாக ஆடும் நடனம். ஜமைக்காவின் போர்ட்லாண்ட் பகுதியில் பாஸ்டன் பே கடற்கரையில், பிமென்டோ மரக் கட்டைகள் மேல் பன்றி இறைச்சியையும் கோழியையும் அடுக்கி, தகரத்தால் மூடி, புகையிலேயே வேகவைக்கும் ஜெர்க் கடைகள் இருக்கின்றன. தோட்டங்களிலிருந்து தப்பி மலைக்காட்டில் மறைந்து வாழ்ந்த மரூன் மக்களின் சமையல் அது. பிரெஞ்சுத் தீவுகளில் லோலோ எனப்படும் திறந்தவெளிக் கடைகள். அங்கே சாப்பாட்டுக்கு முன்னால் தீ-பஞ்ச் என்ற பானம் வரும். கலந்து கொண்டுவந்து வைக்கமாட்டார்கள். ரம் பாட்டில், எலுமிச்சைத் துண்டு, கரும்புப் பாகு மூன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அவரவர் அளவை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர் இதையெல்லாம் வெயிலும் கடலும் தந்த உல்லாச குணம் என்று எழுதிவிடுகிறார். அது சோம்பேறித்தனமான விளக்கம். அடிமை முறை இருந்த நாளில் தோட்டத்து மக்கள் தங்களுக்கென்று விடப்பட்ட துண்டு நிலத்தில் விளைந்ததை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள், வாங்கினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். வாரத்தில் அவர்களுக்கென்று இருந்தது அந்த ஒரு நாள். கூலி கையில் வரும் நாள், வேலை இல்லாத நாள், கோயில் நாள் என்று நாட்காட்டியின் சில சதுரங்களுக்குள் திணித்துக்கொண்ட மகிழ்ச்சி அது. வெள்ளிக்கிழமை இரவின் சத்தத்துக்குப் பின்னால் வாரத்தின் மற்ற நாட்களின் கணக்கு இருக்கிறது.

இனித் தட்டைப் பார்ப்போம். கரீபியத் தீவுகளில் இந்திய வழிச் சாப்பாடு ஒரே மாதிரி இருப்பதில்லை. டிரினிடாட்டில் முதன்மை ரொட்டிக்கு. பருப்பைப் பொடித்து உள்ளே வைத்த தால்பூரி, இரண்டு சிறு பாராக்களுக்கு நடுவே கொண்டைக்கடலை வைத்துத் தெருவோரத்தில் விற்கும் டபுள்ஸ், எல்லாம் கோதுமை மாவும் மைதாவும். கயானாவிலும் அப்படித்தான். குவாதலூப், மார்த்தினிக் போனால் சோறும் குழம்பும். காரணம் கப்பல் புறப்பட்ட துறையில் இருக்கிறது. பிரிட்டிஷ் காலனிகளுக்கு 1838இல் தொடங்கிக் கப்பல்கள் பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து போயின. ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசத்து போஜ்புரிக்காரர்கள். சென்னையிலிருந்து ஏறியவர்கள் சிறுபான்மையாகவே இருந்தார்கள். பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை 1848இல் ஒழித்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்ற தேவை ஒழியவில்லை. பிரான்சின் கையில் இருந்த முக்கிய இந்தியத் துறைகள் புதுச்சேரியும் காரைக்காலும். கூலியாட்களை ஏற்றிய ஓரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கின் சேன்-பியேர் துறையை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பர் இறுதியில் குவாதலூப்புக்கு முதல் கூட்டத்தை இறக்கியது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழி திறந்தது. 1880களின் இறுதியில் இந்தக் கப்பல் போக்குவரத்து நின்றுபோகும் வரை குவாதலூப்புக்குச் சுமார் 42 ஆயிரம் பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25 ஆயிரம் பேர் போனார்கள். அவர்களில் பெரும் பகுதி தமிழர். எந்தத் தீவில் ரொட்டி, எந்தத் தீவில் குழம்பு என்பது கடல் கடந்து நூற்று எழுபது ஆண்டுகள் ஆன பின்பும் துறைமுகப் பதிவேடு போலவே சரியாக இருக்கிறது.

கொலம்போ வைக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆட்டுக்கறி அல்லது கோழியைத் துண்டு போட்டு எலுமிச்சைச் சாறு, பூண்டு, தைம் தழை, வெங்காயத்தாள், உப்பு சேர்த்துச் சில மணி நேரம் ஊறவைக்கிறார்கள். எலுமிச்சையில் கறியைக் கழுவி ஊறவைப்பது அந்தத் தீவுகளின் கிரியோல் எனப்படும் கலப்புச் சமையலின் வழக்கம். பிறகு எண்ணெயில் கறியைச் சிவக்க வதக்கி, மசாலாப் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊற்றுகிறார்கள். சில வீடுகளில் பொடியோடு வறுத்த அரிசியும் சேர்த்து அரைப்பதுண்டு, குழம்பு கெட்டிப்பட. கத்தரிக்காய், பூசணிக்காய், பச்சை மாங்காய் அல்லது புளி போகும். நம் பக்கத்தில் மாங்காய் போட்ட கறிக்குழம்பு வைக்கிறவருக்கு இதுவரை அதிகம் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் மிளகாயில் வருகிறது. மசாலாப் பொடியில் மிளகாய் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். அந்தத் தீவுகளின் மிளகாய் குண்டாக, விளக்குக் குமிழ் போல, பழ மணத்தோடு இருக்கும். காரம் கண்ணில் நீர் வரவைக்கும். அதைக் கிள்ளாமல், காம்போடு முழுசாகக் கொதிக்கிற குழம்பின் மேல் மிதக்கவிடுகிறார்கள். மணம் இறங்கியதும், தோல் வெடிப்பதற்கு முன், பதமாக எடுத்துவிட வேண்டும். வெடித்துவிட்டால் சட்டி முழுக்கப் போச்சு. காரத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு வாசனையை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்தக் கைப்பக்குவம் நம் அடுப்படிக்குப் புதிது. இத்தனைக்கும் மிளகாயே அந்தப் பக்கத்துப் பொருள். கொலம்பஸ் அங்கே கண்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன பிறகு, போர்ச்சுகீசியர் மூலம் இங்கே வந்து நம் மிளகைத் துரத்திவிட்டு உட்கார்ந்துகொண்டது. தீவுக்குப் போனவர்கள் மிளகையும் மல்லியையும் கொண்டுபோய் மிளகாயின் சொந்த ஊரில் சேர்த்திருக்கிறார்கள்.

குழம்பு பிழைத்ததற்கு அடுப்படி மட்டும் காரணமில்லை. குவாதலூப்பின் கப்பேஸ்தெர்-பெல்-ஓவில் உள்ள சாங்கி கோயிலும், மார்த்தினிக்கின் வடகோடியில் பாஸ்-பொயிண்ட் பகுதியின் வழிபாட்டிடங்களும் மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் உரியவை. நாகூர் ஆண்டவருக்கும் அங்கே கொடிமரம் உண்டு, இந்துக்கள்தான் ஏற்றுகிறார்கள். நேர்ந்துகொண்ட கிடா வெட்டி, அந்தக் கறியைக் கொலம்போவாகச் சமைத்து, வாழையிலையில் வந்தவர்க்கெல்லாம் போடுவது வழக்கம். வந்தவர்களில் ஆப்பிரிக்க வழியினரும் இருப்பார்கள், கலப்பினத்தாரும் இருப்பார்கள். கூலிகள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட காலத்திலும் சாப்பாட்டுக்கு அழைப்பு இருந்தது. இப்படித்தான் ஒரு சமூகத்தின் படையல் சாப்பாடு ஒரு தீவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாக மாறியது. அந்த மாற்றத்துக்கு இணையாக அரசியல் அங்கீகாரம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குவாதலூப்பிலேயே பிறந்த இந்திய வழியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று கப்பேஸ்தெரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை வழக்காட வேண்டியிருந்தது. குழம்பு குடியுரிமை வாங்கிய வேகத்தில் மனிதர் வாங்கவில்லை. துணியின் கதையும் இப்படி ஒன்று. சென்னைக் கட்டம் போட்ட பருத்தித் துணி கூலிக் கப்பலுக்கும் முந்தியே வணிகத்தில் அங்கே போய்ச் சேர்ந்து, தீவுப் பெண்களின் தலைக்கட்டும் பாவாடையுமாக ஆகிவிட்டது. குவாதலூப்பின் பொயிண்ட்-அ-பீத்தர் நகரில் ஆகஸ்ட் மாதம் சமையல்காரப் பெண்களின் திருவிழா நடக்கும். மெட்ராஸ் துணி உடுத்தி, நகை பூட்டி, சமைத்த பண்டங்களைக் கூடையில் சுமந்து தேவாலயத்துக்கு ஊர்வலமாகப் போய், மந்திரித்த பின் விருந்து வைப்பார்கள். ஏறக்குறைய அதே நாட்களில், ஆகஸ்ட் 15ஐ ஒட்டி, நெல்லித்தோப்பு தேவாலயத்திலும் கொடியேறித் தேர் புறப்படும்.

இப்போது கேள்விக்கு வரலாம். புதுச்சேரி ஒன்றும் வெளிச் சமையலுக்குக் கதவடைத்த ஊரில்லை. இங்கே பழைய கிறிஸ்தவ வீடுகளிலும் சொல்தா எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களிலும் கிறிஸ்துமஸ் வந்தால் அரிசித்தாளில் கறியைச் சுருட்டிப் பொரித்த நெம் செய்வார்கள். அது வியட்நாமுடையது. 1881ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் தங்கள் பழைய சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்களும், படையில் சேர்ந்தவர்களும், சைகோனில் வரி வசூல், காவல், குமாஸ்தா வேலை என்று போய், சிலர் அங்கேயே பெண் கட்டி, 1954இல் பிரான்சின் இந்தோசீன ஆட்சி முடிந்ததை ஒட்டிக் குடும்பமாகத் திரும்பினார்கள். கையில் பிரெஞ்சு ஓய்வூதியம் இருந்தது. ஊரில் வீடு கட்டினார்கள். அந்த வீட்டில் வியட்நாமிய மனைவியின் கையும் தமிழ் மாமியாரின் கையும் ஒரே அடுப்பில் சேர்ந்தன. சென்னைக்குப் போனால் பாரிமுனைப் பக்கம் மாலையில் அத்தோ வண்டி நிற்கும். 1962க்குப் பின் பர்மாவில் ராணுவ ஆட்சி கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது கப்பலில் வந்து இறங்கியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. கொத்து ரொட்டி இலங்கையிலிருந்து எப்படி வந்தது, யாரோடு வந்தது என்பதைத் தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலும் கணக்கு இதேதான். ஜெர்க் கோழி லண்டனுக்கு 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் தொடங்கிய குடியேற்றத்தோடு போனது. கொலம்போ பாரிசுக்குப் போனது, 1963 முதல் பிரெஞ்சு அரசு தீவுக்காரர்களை வேலைக்கு ஆளெடுத்துத் தலைநாட்டுக்குக் கொண்டுவந்த காலத்தில். இன்று பிரான்சின் சூப்பர் மார்க்கெட் மசாலா வரிசையில் கொலம்போப் பொடி சிறு கண்ணாடிக் குப்பியில் நிற்கிறது.

இங்கே ஓர் ஓட்டை தெரியும். சைகோனிலிருந்து வந்தவர்கள் பணத்தோடும் மதிப்போடும் வந்தார்கள், சரி. பர்மாவிலிருந்து வந்தவர்கள் உடுத்த துணியோடு வந்த அகதிகள். ஆகவே சமையல் திரும்புவதற்குச் செல்வாக்கு வேண்டும் என்று சொல்ல முடியாது. எனக்குப் படுவது, செல்வாக்கோ ஏழ்மையோ, கூட்டமாக வந்து ஒரே இடத்தில் அமர்ந்தார்களா என்பதே முக்கியம். பர்மா அகதிகளுக்குக் காலனி கிடைத்தது, சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பஜார் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே நூடுல்ஸைத் தேடுகிறவர் என்றால் வண்டி போட்டுவிடலாம். கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு இந்த வாய்ப்பு இருந்ததா? 1861 உடன்படிக்கை ஐந்து ஆண்டு ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பிவரக் கப்பல் செலவு, வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றெல்லாம் எழுதி வைத்திருந்தது. தோட்ட முதலாளிக்கோ பழகிய ஆளை விட மனமில்லை. கைத்தொகை கொடுத்து மறு ஒப்பந்தம் போட வைத்தார். நோயில் செத்தவர்கள் ஏராளம். திரும்பியவர்களும் உண்டு, ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் கப்பல் கப்பலாக, இடைவெளி விட்டு, முப்பது ஆண்டுகளில் சிதறலாக வந்தார்கள். துறையில் இறங்கியதும் தஞ்சாவூர், தென்னார்க்காடு, திருச்சிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பிரிந்து போனார்கள். கூலிக்குக் கடல் தாண்டியவன் என்ற பேச்சைக் கேட்க யாருக்குப் பிடிக்கும்? தீவில் என்ன சாப்பிட்டோம் என்று ஊரில் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அவர்கள் திரும்பி வந்து வைத்துக் காட்டினாலும் அது இங்கே புதுப் பண்டமாகத் தெரிந்திருக்காது. தைமும் தீவு மிளகாயும் இல்லாமல் வைத்தால் அது சும்மா கறிக்குழம்புதானே.

தூரம்தான் காரணம் என்று ஒருவர் மறுக்கலாம். சைகோனுக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒழுங்காக நீராவிக் கப்பல் ஓடியது, கடிதம் போனது, மணியார்டர் வந்தது. மார்த்தினிக்குக்கு அப்படி எதுவும் இல்லை, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரத்தில் மூன்று மாதம். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தூரம் மட்டுமே தடை என்றால், அதே அமெரிக்கக் கரைகளிலிருந்து மரவள்ளியும் கொய்யாவும் பப்பாளியும் அன்னாசியும் முந்திரியும் எப்படி இங்கே வந்து நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கும் சரக்கானது? அவற்றைக் கொண்டுவருவதில் வணிகருக்கும் பாதிரிக்கும் ஆதாயமோ அக்கறையோ இருந்தது. கூலியின் சமையலைத் திருப்பிக் கொண்டுவருவதில் யாருக்கும் எதுவும் இல்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. போனவர்களில் பலர் புதுச்சேரிக்காரர்களே இல்லை, பிரிட்டிஷ் மாவட்டங்களிலிருந்து மேஸ்திரிகள் ஆசை காட்டிக் கூட்டிவந்தவர்கள். அப்படியிருக்கப் புதுச்சேரி அந்தக் குழம்புக்கு உரிமை கொண்டாடலாமா? உரிமை கொண்டாடும் பேச்சை நான் எடுக்கவில்லை. பொறுப்பு என்று சொன்னால் பொருந்தும். ஆள் பிடித்ததும், கொட்டடியில் வைத்துச் சோறு போட்டதும், தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்கியதும் இந்தத் துறைகளில் நடந்தன. ஒயிட் டவுனின் வீதிப் பெயர்களில் ஆளுநர்களும் தளபதிகளும் இருக்கிறார்கள், சுற்றுலா வழிகாட்டிகள் அவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். கூலிக் கப்பல் பேச்சு அந்த உலாவில் அரிதாகவே வருகிறது. கொலம்போ பரிமாறும் ஒரு கரீபியன் கடை இங்கே திறந்தால் அது அந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது. பேச்சைத் தொடங்கி வைக்கும்.

கொலம்போ இன்று தமிழ்ச் சமையலே இல்லை, கிரியோல் சமையல் என்பார்கள் இன்னும் சிலர். இருக்கட்டும். புதுச்சேரியின் வீட்டுச் சமையலில் எது கலப்பில்லாதது? வெங்காயமும் பூண்டும் பருப்பும் இடித்து விளக்கெண்ணெய் தடவிக் காயவைக்கிற நம் வடகம், வதுவான் என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்களின் அலமாரிக்குப் போய், மேலை நாட்டு உணவகங்களில் மீனுக்கும் காரட்டுக்கும் வெண்ணெயோடு சேர்கிறது. அதை நம்முடையது என்று பெருமையாகச் சொல்கிறோம். தோட்டக் கூலியின் கையில் மாறியது மட்டும் அந்நியமாகிவிடுமா? மாற்றம்தான் அந்தக் குழம்பின் சாரம். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் தைம் வந்து உட்கார்ந்த கதையைச் சொல்லாமல் அசல் தமிழ்க் குழம்பு என்று பலகை மாட்டினால் அதுவும் பொய்யாகத்தான் போகும்.

அப்படி ஒரு கடை திறப்பதில் மிச்சம் இருப்பது மது பார் பற்றிய கேள்வி. இதில்தான் தயக்கம் எனக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலத்திலிருந்தே எல்லை தாண்டிக் குடிக்க வரும் ஊராகப் புதுச்சேரி பெயரெடுத்துவிட்டது. சாராயக்கடை, கள்ளுக்கடை, பிராந்திக் கடை போதாதென்று சுற்றுலா என்ற பெயரில் ரெஸ்டோ பார் உரிமங்கள் குடியிருப்புத் தெருக்களுக்குள்ளும் வந்ததை ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ரம் ஒன்றும் தீவுகளிலேயே கள்ளமற்ற பானமாக இருந்ததில்லை. சர்க்கரை காய்ச்சியபின் மிஞ்சும் பாகிலிருந்து வடிப்பதே பெரும்பாலான ரம். கூலி கொடுத்த கையே அதை விற்றுக் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட தோட்டங்கள் இருந்தன. நம் கதையும் அதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. 1840களிலேயே, கடலூருக்குப் பக்கத்து நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி சர்க்கரை ஆலை நடத்தியது. அதே தென்னார்க்காட்டு ஆட்கள் உள்ளூரில் கரும்பு நட, அவர்கள் உறவுக்காரர்கள் உலகத்தின் மறுகரையில் கரும்பு வெட்டினார்கள். இன்றும் வில்லியனூர் பக்கம் அரியப்பாளையத்தில் உள்ள அரசு வடிசாலைதான் சாராயக்கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறது. ஆகவே கரீபியன் கடை என்றால் முதலில் பாரைத் திறப்பது, பிறகு பேருக்கு ஒரு அடுப்பு வைப்பது என்ற வரிசையை நான் ஏற்கவில்லை. தீவு வழக்கத்தில் ரம் சாப்பாட்டுக்கு முன்னால் சிறு கண்ணாடியில் வரும், மேசைக்குச் சொந்தம் குழம்பு. இங்கே பார் என்றால் சாப்பாடு சைடு டிஷ். (தீவுகளில் குடியால் அழிந்தவர்கள் இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம், வழக்கம் நல்லது என்பதற்காக மனிதர்கள் அதைக் கடைப்பிடித்தார்கள் என்று ஆகாது.) உரிமம் இல்லாமலே ஒரு கரீபியன் கடை நடத்தலாம். கரும்புச் சாறும் எலுமிச்சையும் இஞ்சியும் போதும். ஜமைக்காவில் இஞ்சி ஊறிய பானமும், காய்ந்த புளிச்சைப் பூவின் புல்லி இதழில் வடித்த சிவப்புப் பானமும் கிறிஸ்துமஸ் மேசையிலேயே இருக்கின்றன. பாட்டு இருக்கட்டும், பத்தரைக்கு நிறுத்திவிட்டால் போகிறது.

கடையை எங்கே வைப்பது என்றால் நெல்லித்தோப்பு என்பேன். ஒயிட் டவுனில் வைத்தால் வாடகைக்காகவே அது பிரெஞ்சு உணவகமாகி, குழம்பு பீங்கான் தட்டின் நடுவில் மூன்று கரண்டியாகச் சுருங்கி, மேலே ஒரு புதினா இலை ஏறிவிடும். கப்பலேறியவர்கள் அந்த வீதிகளில் குடியிருந்தவர்கள் இல்லை. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் காலையில் ஒரு சுற்றுச் சுற்றினால் கொலம்போவுக்கு வேண்டியதில் பெரும்பகுதி பையில் விழுந்துவிடும்: ஆட்டுக்கறி, கத்தரிக்காய், பூசணிக் கீற்று, கிளிமூக்கு மாங்காய், புளி, மரவள்ளி. தைம் ஊட்டியிலிருந்து வருகிறது. உப்பிட்ட காட் மீனில் தீவுக்காரர்கள் செய்யும் அக்ரா வடைக்கு வஞ்சிரக் கருவாட்டை ஊறவைத்து உதிர்த்துப் பார்க்கலாம். நெத்திலியில் முயன்றால் கசப்பு மிஞ்சும் என்பது என் ஊகம். தீவு மிளகாய்தான் சிக்கல். அதே இனத்தைச் சேர்ந்த நை மிரிஸ் இலங்கையில் விளைகிறது, தொட்டியில் வளர்த்தாலும் காய்க்கும். சமையலுக்கு ஆளும் எட்டாத தொலைவில் இல்லை. பாரிசைச் சுற்றிய புறநகர்களில் புதுச்சேரிக் குடும்பங்களும் தீவுக்காரர்களும் ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள், ஒரே கடையில் வாழைக்காயும் மிளகாயும் வாங்குகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறைக்கு ஊர் வரும் அந்தக் குடும்பங்களில் கொலம்போ வைக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். கூட்டமாக வந்து அமர வேண்டும் என்று மேலே சொன்ன நிபந்தனை, தாமதமாக, வேறொரு வழியில் நிறைவேறக்கூடிய இடம் அதுதான். ஒரே ஒரு சங்கடம் உண்டு. பலகையில் கொலம்போ என்று எழுதினால், இலங்கைக் கடை என்று நினைத்து உள்ளே வந்து கொத்து ரொட்டி கேட்பார்கள். கல் காய்ந்துதானே இருக்கும், அதையும் போட்டுக் கொடுத்துவிடலாம்.